இதற்கு முன் நடந்த சம்பவங்கள்: இணைப்பைக் காண்க

பள்ளிக்கூடம் அனுப்பிய கடிதத்தில் மூன்று நிபந்தனைகள் இருந்தன. குழந்தையோடு வகுப்பில் உட்காரப்போகிற தெரபிஸ்ட் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். வகுப்பு டீச்சருக்கு அவர் யோசனை சொல்லக் கூடாது. அவரை அனுப்பும் நிறுவனம் தன் இன்ஷூரன்ஸ் சான்றிதழை வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் பட்டியலில் அடுத்து இருக்கும் குழந்தைக்குப் போய்விடும். கடிதம் வந்தது திங்கட்கிழமை காலை. வெளியே மழை, திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் நெடுஞ்சாலை முழுக்க ஹாரன். முதல் இரண்டு நிபந்தனைகளைப் படித்துவிட்டு, இவ்வளவுதானா என்று நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

நிறுவனம் என்றால் நாங்கள்தான். என் அக்கா, நான், நான்கு தெரபிஸ்ட்கள், நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளம். பேச்சு வராத, வந்தாலும் வேண்டிய நேரத்தில் வராத குழந்தைகளுக்கு அக்கா நடத்தைப் பயிற்சி கொடுக்கிறாள். ஊர் முழுக்க அவளுக்கு டீச்சர் என்றுதான் பெயர். நான் கவிதை எழுதுகிறவன். வரியை உடைக்காமல் பத்தியாக எழுதுவதால் கவிஞர்கள் என்னைக் கட்டுரைக்காரன் என்பார்கள். கட்டுரைக்காரர்கள் மரியாதையாகக் கவிஞர் என்று சொல்லி நாற்காலியைத் தள்ளிப் போட்டுவிடுவார்கள். ஒரு வேலையிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் கால் தங்காமல் நாற்பத்தொன்பது வயதுக்கு வந்து சேர்ந்தபோது, அக்கா என்னை மேனேஜர் ஆக்கினாள். மின்கட்டணம், தண்ணீர் டாங்க், பெற்றோர் வாட்ஸ்அப் குழு, இவற்றின் மேனேஜர்.

அந்த இடம் யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டும். ஏழு வயதுப் பெண் குழந்தை. மூன்று பள்ளிகள் அவளை வேண்டாம் என்றிருந்தன. ஒன்று இடமில்லை என்றது. ஒன்று கழிப்பறை தூரம் என்றது. மூன்றாவது பதிலே சொல்லாமல், தீபாவளி வாழ்த்து மட்டும் அனுப்பியது. அம்மா கோவில்பட்டிக்காரர், மென்பொருள் வளாகத்தில் வேலை. முதல் இரண்டு முறையும் சேர்க்கைக்கு முன்பே சீருடைத் துணி எடுத்து, தைத்து, அலமாரியில் வைத்திருந்தவர். இந்த முறை கடிதத்தின் நகல் அவருக்கும் போயிருந்தது. போனில் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அண்ணா, துணி எடுக்கவா, பொறுக்கவா?" நான் எடுங்கள் என்றேன். மூன்றாவது நிபந்தனையை அப்போதுதான் படித்தேன்.

எங்களுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. பத்து வருஷமாகக் கிடையாது. அக்கா ஒவ்வொரு ஜனவரியிலும் கேட்பாள், நான் ஒவ்வொரு ஜனவரியிலும் பார்க்கிறேன் என்பேன். பார்க்கிறேன் என்ற சொல்லுக்குள் எவ்வளவு ஆகாயம் இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதியதுகூட உண்டு.

திங்கட்கிழமை முழுவதும் இணையத்தில் தேடினேன். எல்லாத் தளமும் முதலில் உங்கள் தொழில் என்ன என்று கேட்டது. கீழே இழுத்தால் ஒரு நீளப் பட்டியல். டாக்டர், பல் டாக்டர், ஆடிட்டர், கட்டட வரைவாளர், கல்யாண மண்டபம், அழகு நிலையம், மீன்பிடிப் படகு. நடத்தைப் பயிற்சி மையம் எங்கும் இல்லை. மனித குலம் செய்யக்கூடிய காரியமெல்லாம் முடிந்து, ஆகக் கடைசியில் "இதர" என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினேன். எங்கள் பிரதிநிதி உங்களை அழைப்பார் என்று வந்தது. அழைத்தார்கள். மாலைக்குள் பதினொரு பேர். ஒருவர் நான் புகைபிடிப்பேனா என்று கேட்டு என் உயிருக்கு விலை சொன்னார். ஒருவர், நீங்கள் கிளினிக்கா, ஸ்கூலா, டேகேரா, ஒற்றை வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். நான் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது பத்தியில் அவர் போய்விட்டார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அக்கா கேட்டாள், என்னாச்சு என்று. நாம் இதர என்றேன். அவள் தட்டைப் பார்த்தபடி, "செரி, அப்போ ஆளை நேர்ல கூப்பிடு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வந்த ஏஜென்ட் நாகர்கோவில்காரர். கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவருக்கு மேசை. திருவனந்தபுரத்தில் ஓட்டல், பேக்கரி, துணிக்கடை நடத்தும் நம் பக்கத்து ஆட்களில் பாதிப் பேருடைய பாலிசி அவர் பையில் இருக்கிறது. மழைக்கோட்டைக் கழற்றாமலே மையத்தைச் சுற்றி வந்தார். இன்ஷூர் செய்யத் தக்க பொருள் ஏதாவது இருக்கிறதா என்று அவர் கண்கள் தேடின. பாய், ஊஞ்சல், ரப்பர் பந்து, மணி கோக்கும் கயிறு, ஒரு காது போன யானை பொம்மை.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. இங்க திருடன் வந்தாம்னா அவனே ஏதாவது வச்சிட்டுப் போவான் பாத்துக்கிடுங்க."

பிறகு கடைகளுக்கான பாக்கேஜ் பாலிசி ஒன்றை எடுத்து விரித்தார். தீ, திருட்டு, கண்ணாடி உடைதல், பெயர்ப்பலகை விழுதல், மேலே கொஞ்சம் பொதுஜனப் பொறுப்பு. பேக்கரிக்கும் இதுதான், சலூனுக்கும் இதுதான். நாளைக்கே கையில் தரலாம். நான் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினேன். அக்கா, இருடா என்றாள்.

அக்காவின் தொழில் ரகசியம் எளிமையானது. விரும்பத்தக்க செயலை யாராவது செய்தால் உடனே ஒரு சிறு பரிசு வேண்டும்; வேண்டாத செயலைச் செய்தால் சண்டை வேண்டாம், பரிசு மட்டும் நகர்ந்துவிட வேண்டும். மேசையில் நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு தட்டில் இருந்தது. ஏஜென்ட் "எல்லாம் கவர் ஆயிரும் டீச்சர்" என்றபோது தட்டு அக்காவின் பக்கம் நாலு அங்குலம் போயிற்று. அவர் குறிப்பாக ஏதாவது சொன்னபோது திரும்பி வந்தது. அவருக்கு இது தெரியவில்லை. எனக்குத் தெரியும், என்னை அப்படித்தான் அவள் காலையில் எழ வைத்தாள். அரை மணியில் மனிதர் தானாகவே, யாரும் கேட்காமலே, எது எது கவர் ஆகாது என்று ஒப்பிக்கத் தொடங்கினார். நாங்கள் கற்றுக்கொடுத்த முறை தவறி ஒரு குழந்தைக்குக் கேடு வந்தால் அதற்குத் தனிப் பாலிசி, தொழில்முறைப் பொறுப்புக்கானது. ஒரு குழந்தை வெளியாள் ஒருவரைக் கடித்தால் அது பொதுஜனப் பொறுப்பு. வீடு வீடாக ஸ்கூட்டரில் போகிற தெரபிஸ்ட் விழுந்தால் அது இன்னொன்று. கடை பாக்கேஜில் இந்த மூன்றில் நடுவில் இருப்பது மட்டும் கொஞ்சம் உண்டு. இதையெல்லாம் சொல்லி முடித்தபோது தட்டும் காலியாகியிருந்தது. அவர் முகத்தில், வெகுநாள் கழித்து உண்மை பேசிய ஒருவரின் களைப்பு.

"அப்போ அந்தக் கொஞ்சம் போராது," என்றாள் அக்கா. "மூணும் வேணும். ஃபாரத்தைக் கொடுங்க, நாங்க எழுதறோம்."

அதில்தான் தப்பு நடந்தது. நாங்க எழுதறோம் என்பதை அவர் சும்மா விட்டிருக்கக் கூடாது.

அன்று மத்தியானம் நான் விதிமுறைப் புத்தகத்தைப் படித்தேன். எவையெல்லாம் சேராது என்று அதில் ஒரு பக்கம். போர், படையெடுப்பு, அயல்நாட்டார் செயல், உள்நாட்டுக் கலகம், அணுக்கதிர், அணுக்கழிவு, ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தின் அழுத்தம். மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருக்க, கழக்கூட்டத்தில் ஒரு கீழ்த்தளத்தில் ஐந்து குழந்தைகள் சிவப்புப் பந்தையும் நீலப் பந்தையும் பிரித்துக்கொண்டிருக்க, யாரோ எங்களுக்காக அணுக்கழிவுவரை யோசித்திருக்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தேன். உலகம் முடியப்போகிற விதங்களை இவ்வளவு அமைதியான குரலில் சொல்ல எந்தக் கவிஞனுக்கு வரும்? அந்த ஆவேசத்தில் படிவத்தை எடுத்தேன்.

ஆறாவது கேள்வி: உங்கள் தொழிலை விவரிக்கவும். மூன்று கோடு விட்டிருந்தார்கள். தனித்தாள் இணைக்கலாம் என்றும் இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "காலை ஒன்பதரைக்குக் கதவு திறக்கிறது. ஒரு குழந்தை நாற்காலியில் உட்காரப் பதினொரு நாள் ஆகிறது; எழுந்து ஓட ஒரு ஈ போதும். நாங்கள் பற்களுக்கு மிக அருகில் வேலை செய்கிறோம். எங்கள் மணிக்கட்டுகளில் அவர்கள் தங்கள் முதல் வாக்கியங்களை எழுதுகிறார்கள்." இன்னும் இருந்தது. நன்றாகவே வந்திருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

பதினான்காவது கேள்வி: கடந்த மூன்று ஆண்டுகளில் இழப்பீட்டுக்கு இடம் தரக்கூடிய சம்பவங்கள் ஏதேனும் நடந்ததுண்டா? இருப்பின் விவரம்.

இங்கே எங்கள் தொழிலின் வழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் புரியாது. நாங்கள் எல்லாவற்றையும் எண்ணுவோம். ஒரு குழந்தை அடித்தால், கிள்ளினால், கடித்தால், துப்பினால், ஓடினால், அது ஒரு எண். போன வாரம் முப்பது, இந்த வாரம் இருபத்திரண்டு என்றால் பயிற்சி வேலை செய்கிறது. இதற்காகத் தெரபிஸ்ட்கள் விரலில் ஒரு சின்ன எண்ணும் கருவி மாட்டியிருப்பார்கள். அது கிழக்கேகோட்டையில் கோயில் பக்கத்துக் கடையில் நாமஜபம் எண்ணுவதற்காக விற்பது. வீட்டுக்குப் போகும் தெரபிஸ்ட் பெண்களைப் பார்த்து, இந்தக் காலத்தில் இப்படியொரு பக்தியா என்று சில வீட்டுப் பெரியவர்கள் உருகியதுண்டு. குழந்தை ஓர் அறை விட, அவள் புன்னகை மாறாமல் ஒரு முறை அழுத்துவாள். பகவானே என்பதுபோல இருக்கும்.

ஆகவே அக்காவிடம் போய் ஏதாவது சம்பவம் நடந்ததுண்டா என்று கேட்பது, வானிலைக்காரர்களிடம் போய் எப்போதாவது மழை பெய்ததா என்று கேட்பது மாதிரி.

"எந்த வகை? கடியா, அடியா, ஓட்டமா?" என்றாள்.

எல்லாம்தான் போலிருக்கிறது என்றேன்.

"முயற்சியும் சேத்தா, சேக்காமலா? துணி மேல பட்டா அது முயற்சிடா. தோல்ல ரெண்டு வரிசைப் பல்லும் பட்டாத்தான் கடி."

படிவம் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை என்றேன். அவளுக்கு அந்தப் படிவத்தின் மேல் இருந்த மதிப்பு அங்கேயே குறைந்தது. சாயங்காலம் வரை அச்சு இயந்திரம் ஓடியது. மூன்று வருஷம், மாதவாரியாக, வகைவாரியாக, குழந்தைகளின் பெயருக்குப் பதில் எண்ணோடு, வரைபடங்களோடு, நாற்பத்தொரு பக்கம். கடி மட்டும் ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு. நான் பதினான்காவது கேள்விக்கு எதிரே அழகான கையெழுத்தில் எழுதினேன்: ஆம். இணைப்பைக் காண்க.

புதன்கிழமை காலை ஏஜென்ட் சாலையில் வண்டியை நிறுத்தாமலே உறையை வாங்கி மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டு போனார். கனமாக இருக்கே அண்ணாச்சி என்றார். விவரமாக எழுதியிருக்கிறோம் என்றேன் பெருமையாக.

மத்தியானம் அவர் போன் வந்தது. குரலில் ஆள் மாறியிருந்தார். "அண்ணாச்சி, உள்ள என்ன வச்சியோ? ஆபீசர் காலைலேர்ந்து படிச்சிக்கிட்டு இருக்காரு. டிபன்கூடத் திங்கலை. நாளைக்குப் பதினொரு மணிக்கு டீச்சரையும் கூட்டிட்டு வரச் சொல்லுதாரு."

இன்ஷூரன்ஸ் அலுவலகம் கோட்டைக்குள், கோபுரம் தெரிகிற ஒரு மாடியில். அந்த அதிகாரி ஓய்வுக்கு இன்னும் சில மாதமே இருந்த மனிதர், அக்கிரகாரத் தெருவில் பிறந்து அதே தெரு வழியாக முப்பத்துச் சொச்சம் வருஷம் அலுவலகத்துக்கு நடந்து வந்தவர். மேசையில் எங்கள் நாற்பத்தொரு பக்கம். பல இடங்களில் பென்சில் குறி. ஏஜென்ட் சுவரோரமாக நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஆத்துல நாய் வளக்கறேளா?" என்பதுதான் அவர் முதல் கேள்வி.

அக்கா இல்லை என்றாள்.

"அப்போ இந்த ஆயிரத்து எண்ணூறும் மனுஷாளாக்கும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர், நான் இந்த சீட்டுல உக்காந்து எத்தனையோ ஃபாரம் பாத்தாச்சு. பதினாலாம் கேள்விக்கு 'இல்லை'ன்னு தவிர ஒருத்தரும் எழுதினதில்லே. பட்டாசுக் கடைக்காரன் இல்லைன்னு எழுதறான். அவனுக்கு ஒரு கையில மூணு விரல்தான் இருக்கு, அந்தக் கையாலதான் எழுதறான். நீங்க என்னன்னா படம் வரைஞ்சு வெச்சிருக்கேள்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த ஆறாவது உங்களோடதா? 'மணிக்கட்டில் வாக்கியம் எழுதுகிறார்கள்'. இது பச்சை குத்தறதாக்கும்? சொல்லுங்கோ, அதுக்கு ரேட் வேற."

உருவகம் என்றேன். அவர் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் "உருவகம்" என்று எழுதிக்கொண்டார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் வர்ணனை எங்கே முடிகிறது, ரிஸ்க் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை என்றார். என் எழுத்தைப் பற்றி அவ்வளவு துல்லியமாக வேறு யாரும் சொன்னதில்லை.

இப்படியே இருந்தால் மறுத்துத்தான் ஆக வேண்டும் என்று அவர் விளக்கினார். படிவத்தில் ஆயிரத்து எண்ணூறு கடியைக் கண்ட பிறகு கையெழுத்துப் போட்டால் மேலே தன்னைக் கேட்பார்கள். எங்கள் வெள்ளிக்கிழமையைப் பற்றி அக்கா சொன்னாள், அந்தக் குழந்தையைப் பற்றி, மூன்று பள்ளிகளைப் பற்றி, ஒரு சொல் கூட்டாமல். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். "நான் கீழே போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வரேன். பத்து நிமிஷம் ஆகும். ஃபாரம் இங்கேயே இருக்கு." அதை யாரையும் பார்க்காமல் சொன்னார்.

அவர் படியிறங்கியதும் ஏஜென்ட்டுக்கு உயிர் வந்தது. பையிலிருந்து ஒரு வெள்ளைப் படிவத்தை எடுத்தார். "மனுசன் வழி காட்டிட்டுப் போயிருக்காரு அண்ணாச்சி. இதை எழுதுங்க. பதினாலுக்கு இல்லைன்னு ரெண்டெழுத்து... எத்தனை எழுத்தோ, அதை எழுதுங்க. அந்தக் கட்டை என் பையில போடுதேன். நாளைக்குச் சர்டிபிகேட்டு."

பேனா என் கையில்தான் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, மனசாட்சியைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறேன், ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் என் கண்ணில் தெரிந்தது அலமாரியில் தொங்கும் மூன்றாவது சீருடை மட்டும். பெயர், முகவரி, தொழில் என்று வேகமாக எழுதிவந்தேன். இந்த முறை தொழிலை இரண்டே வார்த்தையில் முடித்தேன். பதினான்கை எட்டியபோது அக்கா கையை வைத்து மறைத்தாள்.

"எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சியாடா?"

சீட் கிடைக்கும் என்றேன்.

"கிடைக்கும். அவ கிளாஸ்ல ஒருநாள் ஒரு பிள்ளையைக் கடிப்பா. கடிக்க மாட்டான்னு நான் அவ அம்மாகிட்டயே சொல்லலை. அன்னிக்கு நம்ம பேப்பரை எடுத்துப் பாப்பாங்க. இவங்க முன்னாடி கடிச்சதே இல்லைன்னு எழுதியிருக்காங்க, பொய், கொடுக்க முடியாதும்பாங்க. அப்போ பாலிசியும் இல்லை, ஸ்கூலும் இல்லை. பின்னே இனி எந்த ஸ்கூலும் நம்ம பிள்ளைகளை எடுக்காது. அவளை மட்டும் இல்லை, ஒருத்தரையும்."

ஏஜென்ட், அப்படியெல்லாம் பார்க்க மாட்டார்கள் டீச்சர் என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் சிப்ஸ் தட்டு வெகுதூரம் போயிருந்தது.

அதிகாரி வந்தபோது பழைய கட்டு அதே இடத்தில் இருந்தது. மேலே பாதி எழுதிய புதுப் படிவம் இரண்டாக மடிக்கப்பட்டுக் கிடந்தது. "மாத்தலியா?" என்றார்.

"மாத்தலை சார். மாத்தினா நாளைக்கு நீங்களே அதை எடுத்துக் காட்டி இல்லைன்னு சொல்லுவீங்க அல்லே?"

"கட்டாயம் சொல்லுவேன்," என்றார் அவர். "அதுக்காக்கும் எனக்குச் சம்பளம்."

உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே ஏதோ ஒன்று தளர்ந்திருந்தது. முதல் பக்கத்திலிருந்து வரைபடங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். இந்தக் கோடெல்லாம் ஏன் கீழே இறங்கறது என்று கேட்டார். அக்கா, அதுக்குத்தான் சார் எங்களுக்குச் சம்பளம் என்றாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"செரி. இது அத்தனையிலேயும் டாக்டர்கிட்டப் போனது எத்தனை?"

"ரெண்டு."

"என்னென்ன?"

"ஒண்ணு, எங்க தெரபிஸ்ட்டுக்கு ஒரு ஊசி போட்டுது. இன்னொண்ணு இவனுக்கு நெத்தியில மூணு தையல். ஆனா அது கடி இல்லை. ஒரு பிள்ளை கடிக்க வந்ததுன்னு இவன் பயந்து ஓடிக் கதவுல இடிச்சான். பிள்ளை இவன் சட்டைப் பொத்தானைத்தான் பாக்க வந்தது."

அதிகாரி என் நெற்றியை ஆராய்ந்தார். அரசாங்க முத்திரையைச் சரிபார்ப்பதுபோல. பிறகு பதினான்காவது கேள்விக்குக் கீழே, மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டவை இரண்டு, இழப்பீடு கோரியவர் யாருமில்லை, பணியாளர் ஒருவர் தம் செயலால் காயமுற்றார் என்று எழுதி, அக்காவிடம் கையெழுத்து வாங்கினார். தம் செயலால் என்பதன் அடியில் கோடு வேறு.

அதற்குப் பின் அவர் வேலை செய்வதைப் பார்ப்பது ஒரு சுகம். வாழ்நாள் முழுவதும் "இல்லை" என்ற ஒரே பதிலைப் படித்துவந்த மனிதர், முதல்முறையாக நாற்பத்தொரு பக்கம் படிக்கக் கிடைத்த தாகத்தோடு கேட்டார். வீட்டுக்குப் போவீர்களா, பூங்காவுக்குப் போவீர்களா, பஸ்ஸில் கூட்டிப் போவீர்களா. பள்ளி என்றதும் நிறுத்தினார். ஏஜென்ட் பக்கம் திரும்பி, இவாளுக்கு முதல்ல கடை பாக்கேஜ் காட்டினீரா என்றார். காட்டினேன் சார் என்றார் அவர்.

"கடை பாலிசி கடைக்குள்ளேயாக்கும். அந்தக் குழந்தை கழக்கூட்டத்துல கடிச்சாத்தான் நாம கொடுப்போம். ஸ்கூல்ல கடிச்சா ஒரு நயாபைசா கிடையாது. அதை வாங்கிண்டு போய் ஸ்கூல்ல கொடுத்திருந்தா, அவா ஃபைல்ல ஒரு காகிதம் இருக்கும், அவ்வளவுதான்."

"நானும் அதைச் சொல்லணும்னுதான் சார் நினைச்சேன்," என்றார் ஏஜென்ட், சுவரிடம்.

பிற இடங்களில் செய்யும் வேலைக்கும் பொருந்தும்படி ஒரு சேர்ப்பு வேண்டும் என்றும், எந்தத் தேதியிலிருந்து நடந்த தவறுகளுக்குப் பாலிசி பொறுப்பேற்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல வேண்டும் என்றும் அவர் சொன்னார். எந்தத் தேதியிலிருந்து நாம் தவறு செய்யக்கூடியவர்கள் ஆனோம் என்று நான் யோசிக்கத் தொடங்குவதற்குள் அக்கா இன்றைய தேதி என்றுவிட்டாள். பழசுக்கு யாரும் கேட்டு வரவில்லை, வீணாக அதிகம் கட்டுவானேன் என்றாள்.

கொச்சியில் இருக்கும் மேலலுவலகத்திலிருந்து அனுமதி வர வேண்டும். அங்கேயே போனைப் போட்டார். அந்தப் பக்கம் தொழில் விவரம் கேட்டிருக்க வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னுடைய ஆறாவது கேள்வியை ஆங்கிலத்தில், காற்புள்ளி தவறாமல், முழுவதும் வாசித்தார். நான் எத்தனையோ மேடையில் வாசித்திருக்கிறேன், பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்காமல் ஒருமுறைகூட இல்லை. இங்கே மின்விசிறி சுற்றியது, ஏஜென்ட் நின்றார், கொச்சி மௌனமாகக் கேட்டது. முடிந்ததும் கொச்சி ஏதோ சொன்னது. "இன்னொரு தடவை வாசிக்கச் சொல்றா," என்றார் அவர் என்னிடம், போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு.

கடைசியில் ஒரு நிபந்தனை சேர்த்தார். இணைப்பில் கண்ட முறையிலேயே பதிவேடுகளைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும். இணைப்பு முழுவதும் பாலிசியின் பகுதி. அக்காவுக்கு அதில் நிபந்தனை எங்கே இருக்கிறது என்றே புரியவில்லை, மூச்சு விடுங்கள் என்று சொன்னதுபோலப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. தொழில் விவரத் தாளின் ஓரத்தில் ஊதா நிற முத்திரை இறங்கியது. நான் எழுதியவற்றில் யாராவது கட்டுப்பட வேண்டியது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை முழுவதும் கொச்சி வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு அந்த அம்மா கூப்பிட்டார், எதுவும் கேட்காமல், சாப்பிட்டீர்களா அண்ணா என்று மட்டும் விசாரித்துவிட்டு வைத்தார். இரண்டரைக்கும் இல்லை. மூன்று இருபதுக்கு மின்னஞ்சல் வந்தது; அச்சு இயந்திரத்தில் நாற்பத்தொரு பக்கத்தோடு மை தீர்ந்திருந்தது. கடைசியில் ஏஜென்ட் தன் மேசைக்குக் கீழே இருந்த ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, கிழக்கேகோட்டையிலிருந்து மழையில் ஸ்கூட்டரிலேயே பள்ளிக்கு வந்தார். நானும் அக்காவும் ஆட்டோவில் வந்து வாசலில் நின்றோம். நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் அவர் மழைக்கோட்டுக்குள் கைவிட்டுச் சான்றிதழை எடுத்தார். ஒரு துளி படவில்லை. அக்கா அவரைப் பார்த்து, "நல்லா கொண்டுவந்தீங்க" என்றாள். உடனே, அதே நொடியில். மனிதர் நாணிவிட்டார்.

பள்ளி எழுத்தர் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. துளை போட்டுக் கோப்பில் மாட்டி, குழந்தையின் இரண்டு புகைப்படம் வேண்டும் என்றார்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போனாள், எங்கள் தெரபிஸ்ட் பக்கத்தில் உட்கார. நான் மையத்தில் போனை மேசை நடுவில் வைத்துக்கொண்டு, எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தேன். பத்தே முக்காலுக்குப் போன் அடித்தது. பள்ளி முதல்வர். ஒரு சம்பவம் நடந்துவிட்டது என்றார் மலையாளத்தில். கடியா என்றேன். கடிதான் என்றார். எனக்குப் பாலிசி எண் மனப்பாடமாக வாயில் வந்துவிட்டது. சொல்லத் தொடங்கினேன். அவர் நிறுத்தினார். கடித்தது வேறொரு குழந்தை. ரப்பருக்கு நடந்த சண்டை. கடிபட்டவள் நம்முடையவள். பெற்றோர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்களா, எழுத்தில் ஏதாவது கொடுப்பார்களா என்று அவர் மெதுவாகக் கேட்டார். நான் அதைவிட மெதுவாக, உங்கள் பள்ளிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது அல்லவா சார் என்றேன். இருக்க வேண்டும், எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

அக்காவிடம் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், இவள் திருப்பி என்ன செய்தாள் என்று. தெரபிஸ்ட்டைக் கூப்பிட்டுக் கேட்டோம். ஒன்றும் செய்யவில்லையாம். கையைப் பார்த்தாளாம். ரப்பரை விடவில்லையாம்.

அம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். பள்ளியில் ஒரு சின்ன விஷயம் என்று தொடங்கியதுமே, அந்தப் பக்கம் நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது.

"யாரைக் கடிச்சா?"

யாரையும் கடிக்கவில்லை என்றேன். அவளைத்தான் ஒரு பையன் கடித்துவிட்டான், இடது கையில், ஆழமில்லை, ஐஸ் வைத்திருக்கிறார்கள் என்றேன். ரப்பருக்குச் சண்டை என்றேன். அவருடைய அலுவலகத்தில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறார் என்று நினைத்தேன்; சிரிப்பை அடக்குகிறாரோ என்றும் தோன்றியது. இரண்டில் எதுவென்று இன்றுவரை கேட்கவில்லை.

"அப்போ," என்றார் கடைசியில், "நாளைக்கும் ஸ்கூல் உண்டுதானே அண்ணா?"

உண்டு என்றேன்.